குண்டாற்று வெள்ளம் கடலுக்குப் போனால் வீணா?

குண்டாற்றில் தண்ணீர் ஓடும் சில நாட்களில், பாளையம்பட்டி தொடங்கி திருச்சுழி வரை ஒரு பேச்சு தவறாமல் எழும்: ‘இம்புட்டுத் தண்ணியும் கடலுக்கு வீணாப் போகுதே!’ கண்மாய் நிறையாத கரிசல் சீமையில் அந்த ஆதங்கம் நியாயமானது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டமும் வெள்ளநீரைத் திருப்பிவிடத்தான். கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கழிமுகத்தில் அந்த நன்னீருக்கு வேலையே இல்லை என்பதை ஏற்க முடியாது.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஆழமில்லாத உவர்க்கழிகளில், தண்ணீருக்கடியில் புல்வெளியாகப் படர்கின்றன சில செடிகள். பார்வைக்குப் பாசி; ஆனால் வேர், பூ, விதை எல்லாம் உண்டு. ருப்பியாவும் ஸ்டக்கீனியாவும் இவற்றில் முக்கியமானவை. ருப்பியா உப்பளப் பாத்தியில்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் அதன் விதை நன்றாக முளைப்பது, மழைநீர் வந்து உப்பு குறையும்போதுதான். ஸ்டக்கீனியாவுக்கு அவ்வளவு உப்பு ஆகாது. சேற்றில் விட்டுவைத்த சிறு கிழங்குகளிலிருந்து அடுத்த பருவத்தில் துளிர்க்கும்.

இலைகளின் மேல் நுண்பாசி வழவழப்பாகப் படியும். அதை நத்தைகளும் கூனி போன்ற சிற்றுயிர்களும் மேய்கின்றன. மேயாவிட்டால் வெளிச்சம் எட்டாமல் செடி நலியும். கடலில் பொரிக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழிக்குள் ஏறி, இப்படிப்பட்ட மறைவிடங்களில் வளர்ந்து, கடலுக்குத் திரும்பிய பிறகே முட்டையிடுகின்றன. மடவைக் குஞ்சுகளும் கழி தேடி வருபவைதான். பனிக்காலத்தில் வலசை வரும் ஊசிவால் வாத்துக்கு விதையும் கிழங்கும் தீனி, நாமக்கோழிக்கு இலை.

உப்புக்கும் நன்னீருக்குமான விகிதம் கெட்டால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவின் சிலிகா ஏரி காட்டியது. அங்கே கேடு எதிர்த்திசையில் வந்தது. முகத்துவாரம் மணல்மூடி, கடல்நீர் குறைந்து, நன்னீர்க் களைகள் பெருகின, மீன்பாடு விழுந்தது. 1993இல் ராம்சர் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலான மான்ட்ரோ பதிவேட்டில் ஏரி சேர்ந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டியதும் உப்பு திரும்பியது, மீனும் இறாலும் பல மடங்கு கூடின. 2002இல் பதிவேட்டிலிருந்து சிலிகா நீங்கியது.

மன்னார் வளைகுடாவில் சேரும் குண்டாற்றுக்குக் குறைவது உப்பல்ல, நன்னீர். ஆண்டு முழுக்க ஆறு ஓட வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் சில நாள் ஓட்டம் போதும், கழியின் உப்பு தணிய. இணைப்புக் கால்வாயின் நீரைப் பங்கிடும்போது, ராமநாதபுரக் கரையில் இறால் பிடிப்பவர்களையும் ஆயக்கட்டுதாரர்களாக எண்ணி, அந்த மாதங்களில் கழிமுகத்துக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும்.