சுவர் எழும்பினால் போதுமா?
நோயாளிகள் தங்கும் விடுதிக்கு இனிமேல்தான் வேலை

மும்பை பரேலில் உள்ள டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரி 1941-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்றும் நமது ஊர்ப்பக்கமிருந்து அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் ரெயிலேறினால் ஒன்றரை நாள் பயணம். வந்து இறங்கியதும் முதல் கவலை, ராத்திரி எங்கே தலைசாய்ப்பது என்பதுதான். இடம் கிடைக்காதவர்கள் ஆஸ்பத்திரியை ஒட்டிய நடைபாதையில் பெட்டி படுக்கையோடு கிடப்பதை, அந்த வழியாக வேலைக்குப் போகும் நம்மவர்கள் பார்த்திருப்பார்கள்.

இவர்களுக்காகத் தமிழ் அன்பர்கள் சிலர் பணம் போட்டு, நாலு அறை கொண்ட சிறிய விடுதி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அறை ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி. சுவர்ப்பூச்சு முடிந்துவிட்டது. வசூலான பணத்தில் பெரும்பகுதியும் முடிந்துவிட்டது! மிச்சம் இருப்பதை வைத்துப் பளபளக்கும் டைல்ஸ், வாசலில் பெரிய பெயர்ப்பலகை என்று பேச்சு ஓடுகிறது. படுக்கப்போகிறவர் நோயாளி என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பணம் போகவேண்டிய இடம் வேறு.

பெயிண்டுக்கு அவசரமா?

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டுப் பெயிண்டு அடிப்பது நம்மவர்கள் வழக்கம். புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும்; அதன்பிறகு ஒரு மாதமாவது காய வேண்டும். மும்பையில் ஜூலை மாதம் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த நாளில் ஒரு மாதமும் போதாது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்டு கொப்பளித்து உரியும், பூஞ்சை பிடிக்கும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். பூஞ்சை அவருக்கு ஆபத்து. புதுப் பெயிண்டின் வாடையே குமட்டும். எனவே ஜன்னல்களைத் திறந்து போட்டு, வாடை முழுவதும் போன பிறகே ஆள் வைக்க வேண்டும்.

குளியலறையில் கவனம்

மிச்சப் பணத்தில் பாதியைக் கொட்ட வேண்டிய இடம் குளியலறை. வழவழப்பான டைல்சில் தண்ணீர் பட்டால் நல்ல காலுள்ளவனே சறுக்குவான். ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லை மெருகு போடாமல் சொரசொரப்பாகவே பதித்தால் வழுக்காது. தரைச் சரிவு அடிக்குக் கால் அங்குலம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். மேல்நாட்டுக் கக்கூசுதான் வைக்க வேண்டும். ஊரில் பழக்கமில்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆபரேஷன் ஆனவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு இரும்புக் குழாய். அதைப் பூச்சில் அல்ல, செங்கல்லிலேயே முடுக்க வேண்டும். பிடித்த குழாய் கையோடு வந்துவிட்டால் என்ன கதி?

கதவுச் சட்டம் மூன்றடி அகலம் வைத்திருப்பது நல்ல காரியம். சக்கர நாற்காலி நுழையும். ஆனால் கதவு இன்னும் மாட்டவில்லை. அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கட்டிலும் ஜமக்காளமும்

மரக்கட்டில் அழகுதான். இரும்புக் கட்டில் போதும். மூட்டைப்பூச்சி வந்தால் கழுவிவிடலாம். தரையிலிருந்து மெத்தையின் மேல்பக்கம் வரை 18 அங்குலம் இருந்தால் உட்காரவும் எழவும் சுலபம். ரெயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெட்டியைத் தள்ளி வைப்பதுபோல, கட்டிலுக்கு அடியிலும் தள்ளிவிடலாம். இலவம்பஞ்சு மெத்தை மும்பை மழையில் ஈரம் குடித்துக் கல்லாகும். ரெக்சின் உறை போட்ட தேங்காய்நார் மெத்தையைத் துடைத்தால் போதும்.

அறைக்கு ஒரு கட்டில் என்றால் கூட வந்தவர் தரையில்தான் படுப்பார். கோரைப்பாய் ஜூலையில் பூஞ்சை பிடிக்கும். ஊருக்குப் போய்வருகிறவர்கள் ஆளுக்கொரு பவானி ஜமக்காளம் வாங்கி வந்து கொடுத்தால் விடுதிக்கு அந்தச் செலவு மிச்சம். அதையும் மாதம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும். சுவரில் தலைக்கு மேல் இரண்டு கொக்கி அவசியம். ஒன்று எக்ஸ்ரே கவர் பைக்கு, ஒன்று துண்டுக்கு.

கரண்டு வேலையில் மட்டும் சிக்கனம் கூடாது. வெந்நீர் கீசர் வைக்கும் இடத்தில் எர்த் கம்பி இல்லாமல் விடவே கூடாது. கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சையும் மெயின் போர்டில் போட வேண்டும்.

நாலு அறைக்கும் பொதுவாக ஒரு சமையலறை உண்டு. நோயாளிக்குக் கஞ்சியும் ரசமும் வைத்துக்கொள்ள அதுவே பெரிய உதவி. கடப்பைக் கல் மேடை போட்டாகிவிட்டது. சிலிண்டர் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே ஜன்னல் இருந்து பயனில்லை. வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு துவாரம் வேண்டும். டைல்ஸ் பதிக்கும் முன் போட்டால் அது கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை.