கண் திறந்திருந்தும் தெரியாமல் போவது ஏன்?

"கண்ணை எங்கே வச்சிருந்தே?" தோட்டத்தில் ஒருவருக்கு அடிபட்டால் மண்டோர் கேட்கிற முதல் கேள்வி இது. அடிபட்டவர் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பார். கண் வேலையில்தானே இருந்தது!

தோழர்களே, கண் பார்ப்பது வேறு, மூளை கவனிப்பது வேறு. கண்ணில் விழும் எல்லாவற்றையும் மூளை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்வதில்லை.

1981-இல் அமெரிக்காவில் இர்வின் ராக், டேனியல் கட்மேன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். சிவப்புக் கோட்டில் ஓர் உருவம். அதன் மேலேயே பச்சைக் கோட்டில் இன்னோர் உருவம். ஒரு நிறத்தை மட்டும் பார்த்து, அழகாயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பிறகு, என்னென்ன உருவம் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். கவனித்த நிறத்தை அடையாளம் காட்டினார்கள். கவனிக்காததோ, அதே இடத்தில் இருந்தும், குருட்டாம்போக்கில் சொன்னது போலத்தான் ஆயிற்று.

படித்த டாக்டர்களும் தப்பவில்லை. நுரையீரல் படத்தில் கட்டி தேடிய 24 நிபுணர்களுக்கு, படத்துக்குள் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை வைத்துக் காட்டினார்கள். 20 பேர் காணவில்லை! 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. காணாதவர்களில் பலருடைய பார்வை குரங்கின் மேலேயே பட்டதைக் கருவி காட்டியது. அவர்களை யாராவது இப்படி ஏசுவார்களா?

நம்ம பீடோர் பக்கத்துச் செம்பனைக் காட்டுக்கு வருவோம். அருவாள் பிடிப்பவர் அண்ணாந்து பழுத்த குலையைத் தேடுகிறார். உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவுக்குத் தரையில் ஆரஞ்சு நிறம்தான் கண். எலி தேடி வந்த நாகம் மட்டைக் குவியலில் கறுப்பாகக் கிடந்தால் எப்படித் தெரியும்? டன் கணக்குக் கூலி என்றால் அவசரம் வேறு. "ஜாக்கிரதை" என்று பலகை மாட்டினால் மட்டும் இது தீராது. இரண்டு பேருக்கும் நின்று பார்க்க நேரம் கொடுக்க வேண்டும்.

குலையை அறுக்குமுன், குலையை மறந்துவிட்டு, ஆள் இருக்கா என்று மட்டும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குரல் கொடுங்கள். பொறுக்குபவர் பதில் குரல் கொடுத்த பிறகே வெட்டுங்கள். வேலையில் மூழ்கிய காதும் கேட்காமல் போகும். மட்டைக் குவியலைக் கம்பால் தட்டிவிட்டுக் கையை நீட்டுங்கள்.

ஒன்று மட்டும். கவனித்துப் பார்த்தும் ஒரு பக்கம் தெரியவில்லை, வாசற்படியில் அடிக்கடி இடிக்கிறது என்றால் அது வெறும் கவனக்குறைவாக இல்லாமல், நோயாகவும் இருக்கலாம். தள்ளிப்போடாமல் கிளினிக்கிலோ தாப்பா ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள்.