வாடகைக்கு வந்த தொலைபேசி

கைப்பேசித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன்பே ஓடத் தொடங்கும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையை ஒட்டி என் வீடு. வரவேற்பறையில் இருப்பதோ எண்வட்டைச் சுழற்றிப் பேசும் கறுப்புத் தொலைபேசி. பெங்களூரில் 1948-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. நிறுவனத்தின் தயாரிப்பு. பழைய பொருள் கடையில் ஊமையாகக் கிடந்தது.

பழுது நீக்க ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையுமே தேவைப்பட்டன. பேசும் முனைக்குள் இறுகியிருந்த கரித்துகள்கள், மெல்லத் தட்டியதும் தளர்ந்தன. எண்வட்டு திரும்புகையில் இணைப்பை விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை வீதம் துண்டித்துச் சேர்க்கிறது. 5-க்கு ஐந்து துடிப்பு, 0-க்குப் பத்து. பிசுக்கேறி வேகம் குறைந்தால் அழைப்பு வேறெங்கோ போகும். துடைத்து ஒரு துளி எண்ணெய் இட்டேன். இன்றைய கண்ணாடியிழை இணைப்புப் பெட்டிகள் பலவும் இத்துடிப்பை உணர்வதில்லை. துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு கருவியை இடையில் பொருத்த வேண்டியிருந்தது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதைத் திறந்து சீராக்க முடிவது ஏன்? அக்காலத்தில் தொலைபேசி சந்தாதாரருக்குச் சொந்தமன்று, துறைக்குச் சொந்தம். பழுதானால் செலவும் துறையினுடையதே. ஆகவே நீடித்து உழைப்பதும் எளிதில் திறப்பதும் உரிமையாளருக்கே ஆதாயம். ஏகபோக நிறுவனம் நீடித்த பொருளை விற்காமல் வாடகைக்கு விட்டால் அதன் கணக்கே மாறிவிடும் என்று பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1972-இல் எழுதினார். வகுப்பில் பலமுறை விளக்கிய அந்தக் கருத்தைத் திருப்புளியுடன் அமர்ந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

அந்த ஏற்பாட்டை நான் போற்றவில்லை. அதே ஏகபோகம்தான் ஓர் இணைப்புக்காக மக்களை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தது. ஆனால் விற்றவுடன் பொறுப்பு முடிந்துவிடும் சந்தையில், மின்கலத்தைப் பசையிட்டு ஒட்டுவதால் விற்பவருக்கு நட்டமில்லை; நட்டம் வாங்குபவருக்கே. பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க மத்திய அரசு 2022-இல் குழு அமைத்தது இந்தக் கோணலை நேராக்கத்தான். சட்ட வலு இல்லாமல் அது நேராகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாடியில் குடியிருக்கும் தொழிற்சாலை இளைஞர் ஒருவர் இதன் உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் ஒரே பாகத்தைப் பொருத்தும் அவர், ஒரு தொலைபேசியை முழுமையாகப் பிரித்துப் பார்த்ததில்லையாம்.

2006 முதல் 2014 வரை இங்கே இயங்கிய நோக்கியா ஆலையின் பொத்தான் கைப்பேசிகளையும் இப்போது சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம். பழைய இரும்புக்கு எடை போடுமுன், உங்கள் வீட்டு மேசை அறையிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.