தேவாலயத்துப் பெஞ்சும் நீதித் தராசும்

பழைய ஆலயம் யாருக்குச் சொந்தம்? இன்று தொழுவோருக்கா, கட்டிவைத்த முன்னோருக்கா, இனி வரும் சந்ததிக்கா? இங்கிலாந்துத் திருச்சபையில் இவ்வினா மரப் பெஞ்சுகளைப் பற்றி அடிக்கடி எழுகின்றது. அவற்றை அகற்றி நாற்காலிகள் இட்டால் பஜனைக்கும் பந்திக்கும் இடங்கிடைக்கும் என்பர் ஒரு சாரார். ஆலயத்தின் அழகு குலையும் என்பர் மற்றொரு சாரார்.

பாதிரியார் தம் இஷ்டப்படி இதில் கைவைக்க இயலாது. புராதனக் கட்டடங்களுக்குரிய சர்க்கார் அனுமதியினின்று அச்சபைக்கு விலக்குண்டு. அதற்கு ஈடாக, அந்தந்த பிஷப்பின் எல்லைக்குரிய திருச்சபைக் கோர்ட்டில் மனுச்செய்து, 'பாகல்ட்டி' என்னும் உத்தரவு பெறல் வேண்டும். ஆலயத்துக்கு வாராத ஊர்வாசியும் ஆட்சேபிக்கலாம்.

டஃப்பீல்டு ஆலயத்தின் மரத்திரையை இடம்பெயர்க்கும் வழக்கில், 2012-இல் மேல் கோர்ட்டு அனுமதி அளித்து, வினாக்கள் சிலவற்றையும் வகுத்தது. மாற்றத்தால் கட்டடத்தின் பெருமைக்குத் தீங்குண்டா? உண்டெனில் எவ்வளவு? சொல்லும் காரணம் தெளிவானதா? பொதுநன்மை தீங்கை விஞ்சுமா? தீங்கு பெரிதாக ஆக, நன்மையும் பெரிதாதல் வேண்டும்.

இம்முறை உசிதமானதென்றே கருதுகிறோம். அப்பெஞ்சுகளிற் பல, 19-ஆம் நூற்றாண்டில் பழையவற்றை நீக்கி இடப்பட்டவையே. ஆதலின் மாற்றமே பாவம் என்பது பொருந்தாது. ஆயினும் பெயர்த்தெறிந்ததை மீண்டும் படைத்தல் அரிது. எனவே காரணங் காட்டும் பாரம் மாற்ற விரும்புவோர் தலைமீதே இருத்தல் நியாயம். முன்னோர் வந்து வாதாட மாட்டார்; அவர் பொருட்டுக் கேட்க ஒரு கோர்ட்டாவது இருக்கட்டும்.