கணக்கில் வராதவர்கள் – 9: காவலர் கண்ணில் ஏழை

2011 செப்டம்பர் மாதம், உணவு உரிமை வழக்கில் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் ஒருவர் மாதம் 965 ரூபாயும் கிராமத்தில் 781 ரூபாயும் செலவு செய்தால் அவர் வறுமைக்கோட்டைத் தாண்டிவிட்டார் என்றது அது. நாள் கணக்கில் 32 ரூபாய், 26 ரூபாய். அரிசி, பருப்பு, துணிமணி, பஸ் கட்டணம், பிள்ளைகள் படிப்பு, காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நாடே கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் பலரும் கவனிக்கவில்லை.

சி. ரங்கராஜன் தலைமையில் புதிய குழு போட்டார்கள். 2014-ல் அந்தக் குழு நகரத்துக்கு 47 ரூபாய், கிராமத்துக்கு 32 ரூபாய் என்று கோட்டைச் சற்று உயர்த்தியது. அவ்வளவுதான், 27 கோடியாக இருந்த ஏழைகள் 36 கோடிக்கும் மேல் ஆகிவிட்டார்கள். சுமார் 9 கோடிப் பேர் அதே வீட்டில், அதே கூலியில்தான் இருந்தார்கள். அரசு அந்த அறிக்கையை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. 2015 பிறந்தபோது திட்டக் கமிஷனே இல்லை. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்போ அச்சேறவே இல்லை. கிராமத்து மக்களின் செலவு குறைந்திருப்பதாகச் செய்தி கசிந்ததும், தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அதை மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். தரம் எங்கே, எப்படிக் கெட்டது என்று யாராவது சரிபார்க்க வேண்டுமானால் அந்தத் தரவு வெளியே வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

கோடு போய் இப்போது குறியீடு வந்திருக்கிறது. பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி ஒன்பது ஆண்டுகளில் 24.82 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று 2024 ஜனவரியில், திட்டக் கமிஷனின் இடத்துக்கு வந்த நிதி ஆயோக் அறிவித்தது. பணத்தை மட்டும் பார்க்காமல் கல்வி, சத்துணவு, கழிப்பறை, மின்சாரம் என்று 12 அம்சங்களைப் பார்ப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரே ஒருவர் ஆறு ஆண்டு பள்ளிக்கூடம் போயிருந்தால் போதும், பள்ளிப் படிப்பு என்ற அம்சத்தில் அந்த வீட்டுக்குக் குறையில்லை. கணவன் எட்டாம் வகுப்பு, மனைவி கைநாட்டு என்றால் அவளும் படித்த கணக்கில்தான் சேருவாள். வங்கிக் கணக்கும் அப்படியே. வீட்டில் யாரோ ஒருவர் பெயரில் பாஸ்புக் இருந்தால் சரி. அந்தப் பாஸ்புக் யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், அதே வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்று தெரியவந்தது. வேலையை ஆள்வாரியாகக் கேட்கத் தெரிந்த அரசுக்கு வறுமையை மட்டும் வீட்டுவாரியாகத்தான் கேட்கத் தெரியுமா?

வீடு இருந்தால் இந்தக் கதை. வீடே இல்லாதவர்?

நிலையான இருப்பிடம் இல்லாமல் அலைகிறவர்களை நுகர்வுக் கணக்கெடுப்பு சேர்ப்பதில்லை. உதவித் திட்டங்களும் அவர்களை எளிதில் எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. பணம் பெண்ணின் கணக்கிலேயே விழுகிறது என்பதால் அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். கோயில் மதிலோரம் படுத்திருக்கும் கிழவியிடம் கார்டு ஏது?

அவளைப் போன்றவர்களைத் தவறாமல் கண்டுபிடிக்கும் அரசுத் துறை ஒன்று உண்டு, காவல்துறை. ஏழை யார் என்று தில்லியில் நிபுணர்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது, அதே தில்லியின் காவலருக்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. 1959-ஆம் ஆண்டு பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் அங்கேயும் அமலில் இருந்தது. பிழைப்புக்கு வழியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியாமல், கையேந்தி வாழ்பவரைப் போன்ற கோலத்தில் பொது இடத்தில் திரிந்தாலே அந்தச் சட்டப்படி அது பிச்சையெடுத்தல். பாட்டுப் பாடியோ ஜோசியம் சொல்லியோ காசு கேட்பதும்கூட அதில் அடங்கும். வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பத்தாண்டு வரை இல்லத்தில் அடைக்கலாம். இன்னொரு பிரிவு, பிடிபட்டவரையே முழுதாக நம்பியிருப்பவரையும் அதே காலத்துக்கு அடைத்துவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அப்படி நம்பியிருப்பவர் பெரும்பாலும் யாராக இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் கணவனோடு சேர்த்து எண்ணப்பட்டவள், அந்த இல்லத்துக்கும் அவனோடு சேர்த்து அனுப்பப்படலாம்.

2018 ஆகஸ்ட் 8 அன்று நீதிபதிகள் கீதா மிட்டல், சி. ஹரிசங்கர் அடங்கிய தில்லி உயர் நீதிமன்ற அமர்வு இந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. சோறும் வேலையும் தர முடியாத அரசு பிச்சையைக் குற்றமென்று எப்படிச் சொல்லலாம் என்று விசாரணையின்போதே கேட்டார்கள். பிறரைப் பிச்சையெடுக்க வைத்துச் சம்பாதிப்பவர் மீதான பிரிவைத் தொடவில்லை, அது சரியான காரியம். ஆனால் தீர்ப்பு தில்லியோடு நின்றது. நாடு முழுமைக்குமான மாதிரி மசோதா ஒன்றை 2016-ல் மத்திய அரசு தயாரித்துப் பின்பு கைவிட்டது. 2025 தொடக்கத்தில் இந்தூரில் பிச்சை போட்டவர் மீதே வழக்குப் பதிந்தார்கள். ஈவதும் குற்றமாகிவிட்டது.

தில்லி லாம்பூர் பிச்சைக்காரர் இல்லத்தில் 2000-ஆம் ஆண்டு வாந்திபேதியில் ஆட்கள் இறந்தார்கள். அந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் நாடெங்கிலும் உள்ள இல்லங்களுக்கு நெறிமுறை வகுத்தது 2025 செப்டம்பரில். பெண்களுக்குத் தனி வசதி வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதற்கு 25 ஆண்டுகள்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிச்சையெடுப்போர், அலைந்து திரிவோர் என்று பதிவானவர்கள் 4,13,670 பேர், அதில் பெண்கள் 1,91,997. அதற்குப் பிறகு மக்கள்தொகையே எண்ணப்படாமல் பத்தாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது.

நம் மாநிலத்துக்கும் 1945-ல் போட்ட பிச்சைத் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன்கீழ் உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் பிடிக்கப்பட்டார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எங்கே அடைக்கப்பட்டார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.