ஆட்டின் வாய்ப்புண்ணும் மனிதர் கைப்புண்ணும்

வெள்ளாட்டுக் குட்டிகள், செம்மறிக் குட்டிகள் ஆகியவற்றின் உதட்டிலும் மூக்கோரத்திலும் சிற்சில சமயங்களில் பொருக்கு மூடிய புண்கள் காண்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். முள்ளைக் கடித்து வாய் கிழிந்த மந்தையில் இது விரைவிற் பரவும். மேனாட்டார் இதனை 'ஆர்ப்' என்பர். அம்மைக் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸே இதற்குக் காரணம். பெரும்பாலான ஆடுகள் சில வாரங்களில் தாமே தேறிவிடுவதால், இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் இது மனிதருக்கும் தொத்தக்கூடியது.

பழுதில்லாத தோலின் வழியாக இக்கிருமி உட்புகமாட்டாது. கீறலோ வெடிப்போ ஒரு வாயிலாக அதற்கு வேண்டும். குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டுவோர், வாயைப் பிளந்து மருந்து புகட்டுவோர், தோலுரிப்போர் ஆகியவர்களின் விரலில் 3 முதல் 7 நாட்களுக்குள் சிவந்த தடிப்பொன்று எழும். பின்பு நீர் கசிந்து, பொருக்குக் கட்டி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும்.

தீக்காயம் பட்ட கையினரும், நாட்பட்ட கரப்பான் உடையவரும் இவ்வளவில் தப்புவதில்லை. துருக்கி தேசத்தில், பலிப் பெருநாளன்று ஆட்டிறைச்சியைக் கையாண்டவர்களின் ஆறாத தீக்காயத்தில் இப்புண் தோன்றியதை வைத்தியர்கள் எழுதியிருக்கின்றனர். இத்தகையோருக்கும், எதிர்ப்புச் சக்தி குன்றியோருக்கும் புண் பலவாகப் பரவுவதும், சில வேளை காளான் போற் பெருத்து வளர்வதும் உண்டு. அதனைப் புற்றென்று மயங்கி அறுத்தெடுத்தோரும் உளர். பெனிசிலின் முதலியன வைரஸை ஒன்றும் செய்யா. புண்ணில் சீழ் பிடித்தாலன்றி அவற்றாற் பயனில்லை.

இதனினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடைப்பான் நோயால் மனிதர் கையில் வரும் கரும்புண் முதற்பார்வைக்கு இதனை ஒத்திருக்கும்; அதுவோ உயிருக்கே அபாயமானது. ஆகையால், கைப்புண்ணைக் காட்டச் செல்பவர் தாம் ஆடு தொட்ட செய்தியை வைத்தியரிடம் தாமே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருத்தல் தகாது.

உதிர்ந்த பொருக்கு, உலர்ந்த பட்டியில் மாதக்கணக்காய் வீரியத்தோடு கிடக்குமாதலால், அதனைக் கூட்டிச் சேர்த்து எரித்துவிடுக. நோயுற்ற குட்டிகளைப் பிரித்துக் கட்டி, கால்நடை வைத்தியருக்குத் தெரிவிப்பதைக் கிராம அதிகாரிகள் முன்னின்று செய்விக்கலாம். குட்டிகளைத் தொடுவோர் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுக. தீக்காயமோ கரப்பானோ உடைய ஆளுக்கு, அது ஆறும்வரை பட்டிக்கு வெளியே வேலை கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலியைக் குறைத்தல் கூடாது. குறைத்தால், அவன் காயத்தை மறைத்துக்கொண்டு பட்டிக்குள்ளேதான் வருவான்.