நடந்தே போகும் வழிகள் – 9: வாரியில் ஒரு தம்பதி

புனேக்கு அருகே ஆளந்தியில், மராத்திய ஞானி ஞானேஸ்வரரின் சமாதிக் கோயிலுக்குள் ஓர் அரசமரம் இருக்கிறது. மனைவியை விட்டுக் காசிக்குப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொண்ட விட்டல்பந்த் திரும்பி வர வேண்டும் என்று ருக்மிணிபாய் நாள்தோறும் சுற்றி வந்த மரம் இது என்பது மரபு. உண்மை தெரிந்ததும் குருவே அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். சந்நியாசி மறுபடி குடும்பஸ்தன் ஆனதை ஊர் பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தையே விலக்கி வைத்தது. அவர்களுக்குப் பிறந்த நால்வரில் இரண்டாமவர்தான் ஞானேஸ்வரர். 1296-ல் அவர் இங்கே சமாதி அடைந்தார். ஆளந்திக்கு வரும் பெண்கள் இன்றும் முதலில் இந்த மரத்தைச் சுற்றுகிறார்கள்.

இங்கிருந்துதான் அவருடைய பாதுகைகள் பல்லக்கில் ஏறி, விட்டல் கோயில் கொண்ட பண்டரிபுரம் புறப்படுகின்றன. சுமார் 250 கிலோமீட்டர். மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நடை. ஆஷாட சுக்ல ஏகாதசிக்கு முன் போய்ச் சேர வேண்டும். தேஹுவிலிருந்து பக்திக் கவி துக்காராமின் பல்லக்கு வேறு பாதையில் வரும். வருஷம் தவறாமல் போய்வருவதற்கு மராத்தியில் ‘வாரி’ என்று பெயர், போகிறவர் வார்கரி. கழுத்தில் துளசிமணி மாலை அணிந்தால் வார்கரி. அணிந்தபின் மாமிசமும் மதுவும் கிடையாது, ஏகாதசி விரதம் தவறக் கூடாது.

வார்கரிகளில் பெரும்பாலோர் விவசாயிகள். மழை விழுந்து விதைப்பு முடிந்த கையோடு கிளம்புகிறார்கள். கணவன் மனைவி இருவரும் கிளம்பிவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார், பால் கறப்பது யார், சின்னக் குழந்தைகளைப் பார்ப்பது யார்? அதனால் இளம் வயதில் வீட்டுக்கு ஒருவர் போவதே எளிது. பிள்ளைகள் தலையெடுத்து மருமகள் வந்தபிறகுதான் பலருக்கு ஜோடியாகப் போக வாய்க்கிறது. வாரித் தம்பதிகளில் நரைத்த தலைகள் அதிகம் தெரிவதற்கு இது பெரிய காரணம்.

ஜோடியாகக் கிளம்பினாலும் பாதையில் அவர்கள் ஜோடியாக நடப்பதில்லை. ஊரும் குருவும் சார்ந்து அமைந்த குழுவுக்குத் ‘திண்டி’ என்று பெயர். அதில் முன்னால் காவிக்கொடி பிடித்தவர்கள், அடுத்துத் தாளக்காரர்கள், நடுவே மிருதங்கமும் வீணையும். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். சிலர் தலையில் துளசிமாடம், சிலர் தலையில் தண்ணீர்க் குடம். கணவன் தாளம் தட்டியபடி முன்னே போக, மனைவி பல வரிசை தள்ளிப் பின்னே வருவாள். கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் திண்டியின் எண்தான் கதவிலக்கம். பாதுகைப் பல்லக்கை ஏற்றிய ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கில். ‘ரதத்துக்குப் பின்னால் இத்தனையாவது’ என்று சொல்லத் தெரிந்தால் போதும், யாரும் தொலைந்துபோக மாட்டார்கள்.

கூடாரமும் மூட்டையும் லாரியில் முன்னதாகப் போய்விடும். பல திண்டிகளில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் படுக்கை. சோள ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பாடு. எல்லாருக்கும் எல்லாரும் ‘மாவுலி’, அதாவது தாய். ஆணுக்கும் அதே சொல், பெண்ணுக்கும் அதே சொல். எதிர்ப்படும் வார்கரியின் காலைத் தொட்டு வணங்க வேண்டும். வணங்கப்பட்டவர் உடனே குனிந்து திருப்பி வணங்குவார். வயதும் சாதியும் இதில் பார்ப்பதில்லை. கணவன் மனைவியின் காலைத் தொடுவதும் இந்த வழக்கத்துக்குள் அடக்கம். நூறு உபதேசத்தால் ஆகாத காரியம் இது.

மாலையில் தங்குமிடத்தில் எல்லாத் திண்டிகளும் பல்லக்கைச் சூழ்ந்து கூடும். செங்கோல் போன்ற கோலை ‘சோப்தார்’ எனப்படும் கோல்காரர் உயர்த்தியதும் தாளங்கள் அத்தனையும் நிற்கும். குறையுள்ள திண்டி மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கும். குறை என்னவென்று கேட்டுத் தீர்த்தபின்தான் ஆரத்தி.

புனேயிலிருந்து சாஸ்வடுக்குப் போகும் நாள் கடினமானது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இடையில் திவே மலையேற்றம். ரதத்துக்குக் கூடுதல் மாடுகள் பூட்டுவார்கள். சாஸ்வடில் ஞானேஸ்வரரின் தம்பி சோபானரின் சமாதி. அடுத்து மஞ்சள் பொடி பறக்கும் ஜெஜுரி. நீரா ஆற்றில் பாதுகைகளுக்கு நீராட்டு நடந்தபின் பாதை பல்டண் பக்கம் சமவெளியில் இறங்கும்.

அந்தச் சமவெளியில்தான் ‘ரிங்கண்’. வட்டமாகக் கூட்டம் நிற்க, நடுவே இரண்டு குதிரைகள் ஓடும். ஒன்றில் கொடியேந்திய வீரர். மற்றதில் ஆள் இல்லை. ஞானேஸ்வரரே அதில் ஏறி வருவதாக நம்பிக்கை. ஓடி முடிந்ததும் குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். பிறகு விளையாட்டு. நம்மூர்க் குழந்தைகள் தட்டாமாலை சுற்றுவதுபோல் இரண்டு பேர் கைகளைக் குறுக்காகப் பிடித்து, பாதங்களை நெருக்கி வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுற்றுவது ‘ஃபுகடி’. அறுபது வயதுக் கிழவரும் கிழவியும் சுற்றுகிறார்கள். ஒருவர் பாரத்தை மற்றவர் இழுத்துப் பிடிக்காவிட்டால் இருவரும் விழுவார்கள். தலைப்பாகை கழன்று தொங்கும், முந்தானை நழுவும், சுற்று நிற்காது. பகல் முழுக்க வேறு வேறு வரிசையில் நடந்தவர்கள் அவர்கள்.

பண்டரிபுரத்திலும் விட்டலும் ருக்மிணியும் ஒரே சந்நிதியில் இல்லை. கோபித்துக்கொண்டு துவாரகையிலிருந்து வந்துவிட்ட ருக்மிணியைத் தேடி வந்தவர் கிருஷ்ணர் என்கிறது தலபுராணம். வந்த இடத்தில் புண்டலிகன் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தான். அவன் எறிந்த செங்கல்மேல் ஏறி நின்றவர் இன்னும் அப்படியே நிற்கிறார். அந்தப் புண்டலிகன் ஒரு காலத்தில் மனைவியோடு குதிரையில் ஏறிக்கொண்டு, வயதான பெற்றோரை நடக்கவிட்டுக் காசி யாத்திரை போனவன். ருக்மிணியின் சந்நிதி விட்டலுக்குப் பின்புறம் தனியாக இருக்கிறது. இரண்டையும் தரிசித்தால்தான் வாரி நிறைவு.

இந்த வாசலுக்குள் நுழையவே முடியாத தம்பதியும் உண்டு. தீண்டாமைக்கு ஆளான மகார் குலத்துச் சோகாமேளாவும் மனைவி சோயராபாயும் இருவருமே ‘அபங்கம்’ என்னும் பக்திப் பாடல்கள் பாடிய கவிகள். கோயிலுக்கு வெளியே நின்று பாடினார்கள். சோகாமேளாவின் சமாதி இன்றும் மகாதுவாரத்துக்கு எதிரேதான். அவர்களுடைய குலத்தாருக்குக் கதவு திறக்க 1947-ல் காந்தியரான சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலம் தாமதித்தது பக்தி இயக்கத்தின் தீராத களங்கம்.

ஏகாதசி அன்று விடியுமுன், மகாராஷ்டிர முதலமைச்சர் மனைவியோடு வந்து அரசு மகாபூஜை செய்கிறார். அப்போது தரிசன வரிசையின் தலைப்பில் நிற்கும் வார்கரித் தம்பதியை உள்ளே அழைத்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ‘மானாச்சே வார்கரி’, மரியாதைக்குரிய வார்கரி என்று அவர்களுக்குப் பெயர். பல மணி நேரம் வரிசையில் நின்ற ஏதோ ஒரு கிராமத்து விவசாயியும் மனைவியும் அன்றைக்கு முதலமைச்சருக்கு இணையாகப் பூஜையில் நிற்கிறார்கள். அரசுப் பேருந்தில் இருவரும் ஓராண்டு இலவசமாகப் பயணம் செய்யப் பாஸும் தருகிறார்கள்.

பௌர்ணமியன்று கோபாள்பூரில் ‘காலா’, தயிரும் பொரியும் கலந்த பிரசாதம். அத்துடன் திண்டிகள் கலைகின்றன. பல்லக்கோடு ஆளந்திக்குத் திரும்பி நடப்பவர்கள் கொஞ்சம் பேரே. மற்றவர்கள் பொரி, குங்குமம், கறுப்பு ‘புக்கா’ பொடி, பேரனுக்கு ஒரு துளசிமாலை எல்லாம் முடிந்துகொண்டு, களையெடுப்புக்கு முன் ஊர் சேர பேருந்து நிலையத்துக்குப் போகிறார்கள்.